களை பிடுங்கியபின் வரும் அரிப்பும் கொப்புளமும்: முழுமையான வழிகாட்டி

களை பிடுங்கிய அன்று ஒன்றும் தெரியாது. கை கால் கழுவி, குளித்து, தூங்கி எழுந்துவிடுவோம். மறுநாள் சாயங்காலம் முன்கையில் யாரோ நகத்தால் கீறியதுபோல ஒரு சிவப்புக் கோடு. அதற்கு அடுத்த நாள் அந்தக் கோட்டின்மேல் வரிசையாக நீர்க்கொப்புளம். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றோ, ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்றோ முடிவுகட்டி, அலமாரியில் கிடக்கும் ஒரு களிம்பைத் தடவுவோம். செடியின்மேல் சந்தேகமே வராது. அதைத் தொட்டுத்தான் இரண்டு நாள் ஆகிவிட்டதே.

இன்னொரு பக்கம், தொட்ட நொடியிலேயே சுரீரென்று பிடுங்கும் செடிகள் இருக்கின்றன. வேறு சில செடிகளின் சாறு பட்டால் ஒன்றுமே ஆகாது, வெயில் பட்ட பிறகுதான் தோல் வெந்ததுபோல் ஆகும்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே கைவைத்தியம் பார்ப்பதில்தான் பாதி வேதனை வருகிறது. சுனை, அதாவது தோலில் குத்தும் நுண்மயிர் உள்ள செடி பட்டால் தேய்க்கக் கூடாது. எண்ணெய் கசியும் செடி பட்டால் தேய்த்தே ஆகவேண்டும். வெயிலோடு சேர்ந்து சுடும் செடி என்றால் கழுவியது போதாது, அந்த இடத்தை இரண்டு நாள் மூடியும் வைக்கவேண்டும். எது பட்டது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பட்டதற்கும் தடித்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் போனது என்று யோசித்தால், பெரும்பாலும் வகையைப் பிடித்துவிடலாம்.

முதல் படி: எவ்வளவு நேரத்தில் வந்தது?

தொட்ட உடனே, சில நொடிகளுக்குள் என்றால் அது சுனை. காஞ்சொறி (செந்தட்டி என்பதும் இதுதான்), பூனைக்காலி, குளிர்நாடுகளில் வேலியோரம் மண்டிக் கிடக்கும் நெட்டில் எல்லாம் இந்த வகை. நெட்டில் இலையின் ஒவ்வொரு மயிரும் ஒரு குட்டி ஊசி. அதன் கண்ணாடி போன்ற நுனி தோலில் பட்டதும் ஒடிந்து, உள்ளே இருக்கும் ஹிஸ்டமின், அசிடைல்கோலின், செரட்டோனின் கலவை தோலுக்குள் இறங்குகிறது. வெள்ளையாகத் தடித்து எரியும். சில மணி நேரத்தில் அடங்கும், மிஞ்சினால் ஒரு நாள் குறுகுறுக்கும். காஞ்சொறியின் சுனையில் கால்சியம் ஆக்ஸலேட் படிக ஊசியே இருக்கிறது. பூனைக்காலியின் கதை வேறு. அதன் காயைப் போர்த்தியிருக்கும் பொன்னிற ரோமத்தில் மியூகுனெய்ன் என்ற புரதம் இருக்கிறது. ஹிஸ்டமின் வழியாக இல்லாமல் அது நேரடியாக அரிப்பு நரம்பைத் தூண்டிவிடுகிறது. அதனால்தான் பூனைக்காலி பட்டவர்களுக்கு வழக்கமான அலர்ஜி மாத்திரை அவ்வளவாகக் கேட்பதில்லை. ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பக்கக் காடுகளில் கிம்பி-கிம்பி என்று ஒரு செடி உண்டு. அதன் சுனை பட்ட வலி மாதக்கணக்கில் விட்டு விட்டு வரும். அதோடு பார்த்தால் காஞ்சொறி சாது.

சில நிமிடத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் எரிச்சலும் சிவப்பும் வந்தால், பெரும்பாலும் பால். எருக்கு, கள்ளி வகைகள், அரளி போன்றவற்றை ஒடிக்கும்போது வடியும் வெள்ளைப் பால் தோலை நேரடியாகப் புண்ணாக்குகிறது. இது அலர்ஜி இல்லை. யார்மேல் பட்டாலும் எரியும், எவ்வளவு பால், எவ்வளவு நேரம் என்பதில்தான் வித்தியாசம். இந்த வகையின் உச்சம் கரீபியன் கடற்கரைகளிலும் புளோரிடாவிலும் வளரும் மான்சினீல் மரம். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால், இலையிலிருந்து சொட்டும் நீரே தோலைக் கொப்பளிக்க வைத்துவிடும்.

அரை நாள் முதல் மூன்று நாள் வரை கழித்து வந்தால் அது அலர்ஜி. இதில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறோம், அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

வட அமெரிக்காவின் பாய்சன் ஐவி, பாய்சன் ஓக், பாய்சன் சுமாக் மூன்றிலும் உருஷியால் என்ற பிசுபிசுப்பான எண்ணெய் இருக்கிறது. கிழக்காசியாவில் மெருகுப் பூச்சுக்குப் பால் எடுக்கும் அரக்கு மரத்திலும் அதுதான். உருஷி என்றால் ஜப்பானிய மொழியில் அந்தப் பூச்சுக்குப் பெயர், வேதிப்பொருளுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இவையெல்லாம் மா, முந்திரி, சேங்கொட்டை இருக்கும் அதே குடும்பம். மாங்காய்க் காம்பை ஒடித்தால் பீய்ச்சும் பால், முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய், துணியில் அழியாத குறி போடப் பயன்பட்ட சேங்கொட்டைச் சாறு எல்லாமே ஒன்றுக்கொன்று உறவு. ஒன்றுக்குப் பழகிய உடம்பு இன்னொன்றுக்கும் சீறும். மாம்பால் பட்டு உதடு வெந்து போகிறவர்கள், வெளிநாட்டில் ஒரு வீட்டுக் கொல்லையில் பாய்சன் ஐவி என்ற மூன்று இலைக் கொடியைப் பார்த்தால் கூடுதலாகவே விலகி நிற்கவேண்டும்.

அலர்ஜி முதல் தடவையே வருவதில்லை. முதல் தடவை உடம்பு அந்த எண்ணெயை அடையாளம் கண்டு, நினைவில் வைத்துக்கொள்கிறது. இதற்கு இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். அடுத்த தடவை தொடும்போதுதான் 12 முதல் 72 மணி நேரத்துக்குள் படை கிளம்புகிறது. "எனக்கு அதெல்லாம் ஒன்றும் செய்யாது" என்று வெறுங்கையால் கொடியை இழுத்துப்போடும் ஆசாமிகளை எல்லோரும் பார்த்திருப்போம். பலருக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பத்துத் தடவை ஒன்றும் செய்யாத செடி பதினோராவது தடவை செய்யாது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

பார்த்தீனியமும் அலர்ஜி வகைதான், குணம் மட்டும் வேறு. இது எண்ணெயாக ஒட்டுவதில்லை. காய்ந்த செடியின் துகளும் இலைமேல் இருக்கும் நுண்மயிரும் காற்றில் பறந்து தோலில் படிகின்றன. அதிலுள்ள பார்த்தெனின் என்ற பொருள்தான் வினை. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து கிளம்பிய இந்தச் செடி 1950களில் இந்தியாவில் கண்ணில் படத் தொடங்கி, இன்று ஆஸ்திரேலியா, கிழக்கு ஆப்பிரிக்கா என்று பரவிக் கிடக்கிறது. இதைக் கையால் தொடவே தேவையில்லை, பக்கத்தில் நின்று வேறு செடியைப் பிடுங்கினாலும் போதும்.

நான்காவது வகை வெயில் செடி. குளிர்நாட்டுக் களைகளான ராட்சத ஹாக்வீட், காட்டு பார்ஸ்னிப், அப்புறம் செலரி, அருவதா, சீமை அத்தியின் இலைப்பால், எலுமிச்சைத் தோலின் எண்ணெய் ஆகியவற்றில் ஃபியூரோகூமரின் என்ற பொருட்கள் இருக்கின்றன. தோலில் பட்ட சாறு நிழலில் சும்மா கிடக்கும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டதும் செல்களைச் சுட்டுவிடும். 24 முதல் 48 மணி நேரத்தில் தீக்காயம் மாதிரி சிவந்து கொப்பளிக்கும். அரிப்பைவிட எரிச்சல் அதிகம். இதில் அலர்ஜிக்கு வேலையே இல்லை. கார்போகரிசி விதையைத் தடவி வெயிலில் உட்காரவைத்து வெண்புள்ளிக்கு வைத்தியம் பார்த்ததும், நவீன மருத்துவத்தில் சோராலின் மருந்து கொடுத்துப் புற ஊதாக் கதிர் காட்டுவதும் இதே வேதியியல்தான். அளவாகச் செய்தால் மருந்து, தெரியாமல் பட்டால் காயம்.

இரண்டாம் படி: எங்கே, எந்த வடிவத்தில்?

நேரத்தை வைத்துச் சந்தேகம் தீரவில்லை என்றால் தடிப்பின் உருவத்தைப் பாருங்கள்.

கோடு கோடாக இருந்தால், கிளையோ இலையோ தோலை உரசிப் போயிருக்கிறது என்று அர்த்தம். பூச்சிக்கடி பெரும்பாலும் இப்படிக் கீறல் மாதிரி கோடு போடாது. பாய்சன் ஐவி வகையில் சில சமயம் தோலில் அழியாத கறுப்புப் புள்ளியும் இருக்கும். உருஷியால் காற்றுப் பட்டுக் கறுத்துப்போய் ஒட்டியிருப்பது அது.

முகம், இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று ஆடைக்கு வெளியே தெரியும் இடமெல்லாம் சிவந்து, தோல் தடித்துப்போனால் பார்த்தீனியம் மாதிரி காற்றில் வருவதை நினைக்கவேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. காற்றில் வரும் துகள் மேல் இமையிலும், காதுக்குப் பின்னாலும், தாடைக்கு அடியிலும்கூடப் படியும். வெறும் வெயிலால் வரும் தோல் நோய் அந்த நிழல் மறைவுகளைப் பெரும்பாலும் விட்டுவிடும். தோல் மருத்துவர் உங்கள் காதை மடக்கிப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

புல்வெட்டும் இயந்திரம் ஓட்டியபின் கால்களிலும் மார்பிலும் சாயம் தெளித்ததுபோலப் புள்ளி புள்ளியாகக் கொப்புளம் வந்தால், வெயில் செடியின் சாறு தெறித்திருக்கிறது. கொப்புளம் ஆறிய இடத்தில் பழுப்பு நிறம் தங்கி, மாதக்கணக்கில் இருக்கும்.

இன்னும் இரண்டு விஷயங்கள் செடிப் படை மாதிரியே வேஷம் போடும். ஒன்று கம்பளிப்பூச்சி ரோமம். அதற்கான முதலுதவி சுனைக்கு உள்ளதுதான். மற்றொன்று முள் குத்திய இடத்தில் ஒன்று, இரண்டு வாரம் கழித்து வலியில்லாத ஒரு முண்டு கிளம்பி, அதிலிருந்து கையின் மேல்பக்கமாக வரிசையாக முண்டுகள் ஏறுவது. ரோஜா முள்ளோடு சேர்த்துப் பேசப்படும் ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்று அது. களிம்புக்கெல்லாம் மசியாது, மருத்துவரிடம் போகத்தான் வேண்டும்.

மூன்றாம் படி: தொட்டவுடன் செய்யவேண்டியது

எண்ணெய் வகை என்று சந்தேகம் இருந்தால் வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிடுங்கள். "இந்த ஒரு மூலையை முடித்துவிட்டு வருகிறேன்" என்ற ஆசைதான் இதில் எதிரி. உருஷியால் தோலில் இறங்கும் வேகம் அப்படி. 10 நிமிடத்துக்குள் கழுவினால் ஏறக்குறைய பாதியை நீக்கலாம், அரை மணி ஆனால் பத்தில் ஒரு பங்குதான், ஒரு மணி நேரம் ஆகிவிட்டால் தோலில் ஏறியதை எடுக்கவே முடியாது என்று தோல் மருத்துவ நூல்களில் ஒரு கணக்கு சொல்வார்கள். தாமதமாகிவிட்டாலும் கழுவுவது வீண் இல்லை. தோலுக்குள் போனது போகட்டும், மேலே மிச்சமிருப்பது கண்ணுக்கும் கழுத்துக்கும் போகாமல் தடுக்கலாம்.

கழுவும் விதம் முக்கியம். கையில் பிசுபிசுவென்று கிரீஸ் அப்பியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைத் திறந்துவிட்டுக் காட்டினால் கிரீஸ் போகுமா? எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் பாத்திரம் கழுவும் சோப்பே இதற்கு நல்லது. ஒரு பழைய துணியில் சோப்பைப் போட்டு ஒரே திசையில் தேய்த்து, அலசி, மறுபடி தேய்த்து, இப்படி மூன்று தடவை செய்யுங்கள். நகக்கண்ணை மறக்காதீர்கள். தேய்த்த துணி இப்போது எண்ணெய்த் துணி, அதால் முகம் துடைத்துவிடாதீர்கள். தொட்டியில் உட்கார்ந்து குளிக்காமல் ஓடும் தண்ணீரில் குளிக்கவேண்டும். உப்புக்கல் ஒன்றைவிடக் குறைந்த அளவு, அதாவது சுமார் 50 மைக்ரோகிராம் உருஷியால் போதும், பெரும்பாலானவர்களுக்குப் படை வந்துவிடும். அதனால் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் இல்லை என்றாகாது.

சுனை பட்டால் மேலே சொன்னதற்கு நேர் எதிர். தேய்த்தால் ஒடிந்த நுனிகள் இன்னும் உள்ளே இறங்கும், நல்ல தோலுக்கும் பரவும். கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு, ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் மெதுவாக ஒட்டி, விருட்டென்று உரித்தெடுங்கள். புதுத் துண்டு டேப் வைத்து நாலைந்து தடவை. அதற்குப் பிறகுதான் சோப்புத் தண்ணீர், அப்புறம் ஈரத்துணி ஒற்றடம்.

பால் பட்டால் உடனே நிறையத் தண்ணீரும் சோப்பும். உலர்ந்துவிட்டால் ரப்பர் மாதிரி ஒட்டிக்கொள்ளும், உரித்தெடுக்கும்போது தோலும் வரும். மண்ணெண்ணெய், பெட்ரோல் போட்டுத் துடைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. பால் போகும்தான், அதோடு தோலின் இயற்கை எண்ணெயும் போய், எரிச்சல் இரட்டிப்பாகும்.

வெயில் செடி என்றால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நிழலுக்குள் போங்கள். குறைந்தது 48 மணி நேரம் அந்த இடத்தில் வெயில் படக்கூடாது. இந்தக் கதிர் மேகத்தையும் ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும், அதனால் வெளிச்சமான ஜன்னலோரம் உட்காருவதும் வெயிலில் நிற்பதில் சேர்த்திதான். அடர்த்தியான துணியால் மூடுவது நல்லது.

கண்ணில் பால் பட்டால்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் வலி தாங்காமல் ஆளே துடித்துப்போய் மருத்துவமனைக்கு ஓடிவிடுவார். எருக்கம்பால் அப்படி இல்லை. பல சமயம் வலியே இருக்காது, ஏனென்றால் அது கருவிழியை மரத்துப்போகச் செய்கிறது. பார்வை மட்டும் மெல்லப் புகைமூட்டமாகும். வலியில்லையே என்று வீட்டில் இருந்துவிட்டால், கருவிழி வீங்கிப் பார்வை மோசமாகும்.

எந்தப் பால் பட்டாலும் இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் சுத்தமான தண்ணீரை ஓடவிடுங்கள். லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். கையில் இன்னும் பால் இருந்தால் முதலில் கையைக் கழுவவேண்டும். பிறகு வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றே கண் மருத்துவரிடம். முடிந்தால் செடியின் படம் ஒன்று எடுத்துப் போங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாக விடக்கூடாது.

நான்காம் படி: கருவி, துணி, நாய்

ஒரு தடவை எனக்குப் படை ஆறி மூன்று வாரம் கழித்து, செடிப் பக்கமே போகாதபோது மறுபடி விரலிடுக்கில் கொப்புளம் வந்தது. தலையைப் பிய்த்துக்கொண்டேன். காரணம் கவாத்துக் கத்தரியின் பிடி. கத்தியைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பத்திரமாக வைத்தவன், பிடியைத் துடைக்கவில்லை.

உருஷியால் ஆவியாகிப் போகாது. உலர்ந்த, நிழலான இடத்தில் கருவியின்மேல் ஆண்டுக்கணக்கில், 5 ஆண்டு வரைகூட, வீரியத்தோடு இருக்கும். அதனால் அன்றைய வேலை முடிந்ததும் வினைல் கையுறை போட்டுக்கொண்டு மண்வெட்டி, அரிவாள், களைக்கொத்தி, கத்தரி எல்லாவற்றையும் பிடியோடு சேர்த்துச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அல்லது ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். ஷூ லேஸ், கைக்கடிகாரப் பட்டை, மூக்குக்கண்ணாடிக் காம்பு, கைபேசி இந்த நான்கும் எல்லோரும் மறப்பவை. கைபேசியைத்தான் கன்னத்தில் வைக்கிறோம்.

வேலைத் துணியைக் கழற்றும்போது உள்புறம் வெளியே வருமாறு உருட்டிக் கழற்றி, நேராகச் சலவை இயந்திரத்தில் போடுங்கள். மற்ற துணியோடு சேர்க்காமல், துணி தாங்கும் அளவு சூடான தண்ணீரில் துவையுங்கள். துவைத்துப்போடுபவர் வேறொருவர் என்றால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். செடியையே பார்க்காதவர் கையில் படை வருவது இப்படித்தான்.

நாய்க்கு ரோமம் தடுப்பதால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. புதருக்குள் புரண்டுவிட்டு வந்து மடியில் ஏறினால் ஆவது நமக்கு. கையுறையோடு குளிப்பாட்டிய பிறகு கொஞ்சுங்கள்.

ஐந்தாம் படி: அடுத்த தடவை இறங்குவதற்கு முன்

முதலில் பத்து நிமிடம் சும்மா சுற்றிப் பாருங்கள். கையில் ஒன்றும் எடுக்காமல். மூன்று மூன்றாக இலை விட்டு, நடு இலைக்கு மட்டும் நீளமான காம்போடு, மரத்தில் ரோமம் ரோமமாக ஒட்டி ஏறும் கொடி என்றால் பாய்சன் ஐவி. பாய்சன் சுமாக்கில் ஒரு காம்புக்கு 7 முதல் 13 சிற்றிலை இருக்கும், ஈரமான சதுப்பு நிலத்தில் வளரும், ஆக மூன்று இலை விதி அதற்குச் செல்லாது. கேரட் இலை மாதிரி வெட்டுப்பட்ட இலையும் சின்னச் சின்ன வெள்ளைப் பூவும் இருந்தால் பார்த்தீனியமா என்று பாருங்கள். குடை விரித்ததுபோல வெள்ளைப் பூங்கொத்து, ஆளைவிட உயரம், தண்டில் ஊதாப் புள்ளி என்றால் ஹாக்வீட்.

உருஷியால் செடிதானா என்று சந்தேகமா? கையுறையோடு ஒரு இலையை வெள்ளைத் தாளில் மடித்துக் கல்லால் நசுக்குங்கள். சில நிமிடத்தில் சாறு பட்ட இடம் பழுப்பாகி, நேரம் போகப் போகக் கறுத்தால் சந்தேகம் வேண்டாம்.

உடைக்குப் பெரிய சூத்திரம் ஒன்றும் இல்லை. முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, அதன் நுனி சாக்ஸுக்குள், மூடிய பூட்ஸ். கையுறையில் மட்டும் கவனம் வேண்டும். மெல்லிய லேடெக்ஸ் கையுறையை உருஷியால் ஊடுருவிவிடும். துணிக் கையுறை எண்ணெயை உறிஞ்சித் தோலோடு சேர்த்தே வைத்திருக்கும், வெறுங்கையைவிட மோசம். கனமான வினைல் கையுறைதான் பாதுகாப்பு, வியர்வைக்கு உள்ளே ஒரு பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளலாம். கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே மணிக்கட்டில் ஒரு விரல்கடை இடைவெளி விட்டால், படை சரியாக அங்கேதான் வரும். பார்த்தீனியம் உள்ள இடத்தில் முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும்.

பிடுங்குவதற்கு மண் ஈரமாக இருக்கும் நாள் நல்லது, வேரோடு வரும். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் பிடுங்கினால்தான் பிரயோஜனம், ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். ஏற்கனவே அதற்கு அலர்ஜி உள்ளவர் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம், வேறு யாரிடமாவது ஒப்படைக்கவேண்டும். சாறுள்ள செடிப் புதரில் சுழலும் நைலான் கயிறு இயந்திரத்தை ஓட்டாதீர்கள். செடியை அது கூழாக்கி உங்கள் மேலேயே தெளிக்கும்.

பிடுங்கிப் போட்டதை எரிப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான காரியம். உருஷியால் புகைத் துகளில் ஏறி மூச்சுக்குழாய்க்கும் நுரையீரலுக்கும் போகும், உள்ளே வீங்கினால் உயிருக்கே ஆபத்து. அரளிப் புகையும் நஞ்சு. காய்ந்த கொடிதானே, குளிர்காலத்தில் இலையில்லாத தண்டுதானே என்று நினைக்கவேண்டாம், எண்ணெய் அதிலும் இருக்கிறது. தடித்த பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போடாதீர்கள்.

ஆறாம் படி: படை வந்துவிட்டது, இனி?

அலர்ஜிப் படை ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரை இருக்கும். எந்தக் களிம்பும் அதை மறுநாளே துடைத்துப் போட்டுவிடாது. நாம் செய்யக்கூடியது அரிப்பைத் தணிப்பதும் புண்ணாகாமல் பார்ப்பதும்.

ஈரத்துணி ஒற்றடத்துக்கு ஈடாக ஒன்றும் இல்லை என்பது என் அனுபவம். குளிர்ந்த நீரில் நனைத்த மெல்லிய துணியை 15 முதல் 20 நிமிடம், நாளுக்கு நாலைந்து முறை. நீர் கசியும் கொப்புளத்துக்குக் கேலமைன் லோஷன் உலரவைக்கும். லேசான படைக்கு 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் உதவும். கொப்புளம் பெரிதாகிவிட்ட பிறகு அது போதாது, மருத்துவர் எழுதித் தரும் வீரியமான களிம்பு வேண்டும். அந்த வீரியக் களிம்பை முகத்திலோ இமையிலோ தொடை இடுக்கிலோ நீங்களாகத் தடவக்கூடாது, தோல் மெலிந்துவிடும். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் கலந்து வரும் களிம்புகளையும் தவிருங்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தானே அலர்ஜி தரக்கூடியது. மரத்துப்போகச் செய்யும் களிம்பும், மேலே பூசும் ஆன்டிஹிஸ்டமினும் அப்படியே. மாத்திரையாகப் போடும் ஆன்டிஹிஸ்டமின் சுனைத் தடிப்புக்குக் கேட்கும். உருஷியால் அரிப்புக்குப் பெரிதாகக் கேட்காது, தூக்கம் வரவைக்கும் வகை என்றால் ராத்திரியில் சொறியாமல் தூங்க உதவும்.

எலுமிச்சம்பழத்தைத் தேய்க்கச் சொல்பவர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அவரை மரியாதையாகத் தவிர்த்துவிடுங்கள். எலுமிச்சையே வெயில் செடி வகைதான், தேய்த்துக்கொண்டு வெளியே போனால் இருக்கும் படையோடு புதிதாக ஒரு சூட்டுக்காயமும் சேரும். பெயர் தெரியாத பச்சிலையை அரைத்துப் பூசுவதும் தோலுக்கு இன்னொரு அலர்ஜியை அறிமுகப்படுத்துவதாகலாம்.

கொப்புளத்து நீர் பட்டால் பரவும், குழந்தையைத் தூக்கக்கூடாது என்பது பரவலான பயம். அந்த நீரில் செடியின் எண்ணெய் கிடையாது. பரவுவதுபோலத் தோன்றக் காரணம் வேறு. இமை மாதிரி மெல்லிய தோலில் படை முதலில் வரும், தடித்த இடத்தில் நாலு நாள் கழித்து வரும். அதிகம் பட்ட இடத்தில் சீக்கிரம், கொஞ்சம் பட்ட இடத்தில் தாமதம். ஒரு வாரம் தாண்டியும் புதிய இடங்களில் கிளம்பிக்கொண்டே இருந்தால் மட்டும் கருவியையும் துணியையும் சந்தேகப்படுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள், மேல்தோல்தான் அதற்குக் கட்டு.

எப்போது மருத்துவரிடம்?

மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பு, எரிந்த செடியின் புகையைச் சுவாசித்தது, முகமும் நாக்கும் வீங்குவது: இவற்றுக்கு யோசிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவு.

இமை வீங்கிக் கண் மூடிக்கொண்டால், பிறப்புறுப்பில் வந்தால், உடம்பில் நாலில் ஒரு பங்குக்கு மேல் பரவினால், சீழும் காய்ச்சலும் சேர்ந்தால், மூன்று வாரமாகியும் ஆறாவிட்டால் ஓரிரு நாளுக்குள் பார்க்கவேண்டும். கடுமையான உருஷியால் படைக்கு பிரெட்னிசோலோன் மாத்திரை கொடுப்பார்கள். அதை இரண்டு, மூன்று வாரத்துக்கு அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துச் சாப்பிடவேண்டியிருக்கும். ஐந்தாம் நாள் சரியாகிவிட்டதே என்று நீங்களாக நிறுத்தினால் படை முன்னைவிட வேகமாகத் திரும்பி வரும். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் இருந்தால் மருந்து தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வருடா வருடம் ஒரே பருவத்தில் முகமும் கழுத்தும் தடித்துக் கறுத்துப்போகிறவர்களுக்கு இது ஒருநாள் வைத்தியம் இல்லை. தோல் மருத்துவர் முதுகில் சிறு ஒட்டுகள் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்வார். பார்த்தீனியம் என்று உறுதியானால் செவ்வந்தி, சூரியகாந்தி போன்ற அதே குடும்பத்துச் செடிகளும் தொந்தரவு தரலாம். போகும்போது எந்தத் தேதியில் எந்த வேலை செய்தீர்கள், எத்தனை மணி நேரத்தில் தடித்தது, அப்போது வெயில் இருந்ததா என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி எடுத்துப் போங்கள். செடியைப் பிடுங்கி எடுத்துப் போகவேண்டாம், படம் போதும்.